எடையும் இடையும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்விச் சங்கத்தின் மேடையில் கல்வியைப் பற்றிப் பேசாமல் வயிற்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். தலைப்பைக் கேட்டதும் செயலாளர் சிரித்தார். "ஐயா, பசியைப் பற்றிப் பேசுவீர்கள் என்றிருந்தேன், பருமனைப் பற்றியா?" என்றார். அவர் சிரித்ததில் தவறில்லை. நம் மக்களின் வரலாறு பசியின் வரலாறு. ஆயினும் இதைப் பேச வேண்டிய காரணம் இந்த அரங்கிலேயே இருக்கிறது. இச்சங்கம் அரிக்கேன் விளக்கிலும் தெருவிளக்கிலும் மாலை வகுப்பு நடத்தி மேலேற்றிய முதல் அணி மாணவர்கள் இன்று நாற்பதைத் தாண்டிவிட்டார்கள். அரசுப் பணியில் அமர்ந்தார்கள். தளம் போட்ட வீடு கட்டினார்கள். அவர்களுள் ஒருவர் இன்று இங்கு வர இயலவில்லை. வாரம் இருமுறை அவருக்குக் குருதிச் சுத்திகரிப்பு. இன்று அவருடைய முறை. மற்றொருவர் ஓய்வூதியத்தைக் காணாமலே போய்விட்டார். இருவருக்கும் நீரிழிவு. படிக்க வைத்தோம், வேலையில் அமர்த்தினோம். அதன் பயனை அவர்கள் இருந்து நுகரவில்லை. இதைப் பேசாமல் வெள்ளி விழா கொண்டாட நமக்கு மனம் வரவில்லை.

புதுச்சேரியின் நிலையை முதலில் சொல்லிவிடுகிறோம். 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், நம் ஒன்றியப் பகுதிப் பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 46 பேரும் ஆண்களில் ஏறத்தாழ 43 பேரும் மிகை எடையுடையோர் எனக் கண்டார்கள். நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் இது நூற்றுக்கு 24, 23 என்ற அளவே. 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வில், புதுச்சேரியில் வயது வந்தோரில் நாலில் ஒருவருக்கு மேல் நீரிழிவுடையோர் எனத் தெரிந்தது. நமக்குச் சற்று மேலே கோவா மட்டுமே இருந்தது. வயிற்றுப் பருமனில் நாட்டிலேயே முதலிடம் நமக்குத்தான். தேர்வு முடிவில் முதலிடம் வந்தால் மேளம் கொட்டுவோம். இந்த முதலிடத்தை யாருக்கும் சொல்லாமல் வைத்திருக்கிறோம்.

மிகை எடை என்பதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? எடையைக் கிலோவில் எழுதி, உயரத்தை மீட்டரில் எழுதி, அந்த உயரத்தை அதனாலேயே பெருக்கி, வந்த தொகையால் எடையை வகுக்க வேண்டும். இதற்கு உடல் நிறை குறியீட்டெண் என்று பெயர். ஐரோப்பியருக்கு 25க்கு மேல் போனால் மிகை எடை என்பார்கள். நமக்கு 23லேயே எச்சரிக்கை தொடங்கிவிடுகிறது. ஏன் இந்த வேறுபாடு? நாம் சொல்ல வந்ததன் கருவே இதில்தான் இருக்கிறது.

2004ஆம் ஆண்டு இலண்டனிலிருந்து வரும் பெயர் பெற்ற மருத்துவ ஏடான லான்செட்டில் ஒரு நிழற்படம் வெளிவந்தது. இரண்டு மருத்துவர்கள் அருகருகே நிற்கிறார்கள். ஒருவர் புனே நகரத்து யாஜ்னிக். மற்றவர் இலண்டன் நகரத்து யுட்கின். இருவருக்கும் குறியீட்டெண் ஒன்றே: 22.3. தராசின் பேச்சைக் கேட்டால் இருவரும் ஒரே மாதிரி உடலுடையவர்கள். ஆனால் உடலுக்குள் உள்ள கொழுப்பை அளந்தபோது ஆங்கிலேயருக்கு 9.1 விழுக்காடும் நம் நாட்டவருக்கு 21.2 விழுக்காடும் இருந்தன. இருமடங்குக்கும் மேல்! பார்த்தால் மெலிந்தவர், உள்ளே கொழுத்தவர். எடை ஒன்றாயிருக்க, எடையை ஆக்கிய பொருள் வேறாயிருந்தது.

உடலின் எடை எலும்பு, தசை, நீர், கொழுப்பு ஆகியவற்றின் கூட்டுத்தொகை. கூட்டுத்தொகை மட்டும் தெரிந்தால் உறுப்புகள் தெரியா என்பது ஐந்தாம் வகுப்புக் கணக்கு. பத்து என்பது ஏழும் மூன்றுமாகவும் இருக்கலாம். நான்கும் ஆறுமாகவும் இருக்கலாம். தசை நாம் உண்ணும் சர்க்கரையை உள்வாங்கிச் செலவிடும் இடம். வயிற்றுக்குள் ஈரலையும் குடலையும் சுற்றிப் படியும் கொழுப்போ இன்சுலினின் வேலையைக் கெடுப்பது. தசை குறைந்து வயிற்றுக் கொழுப்பு கூடிய உடல், எடை குறைவாயிருந்தாலும் நோய்க்கு அருகில் நிற்கிறது.

இது எங்கே தொடங்குகிறது? கருவிலேயே தொடங்குகிறது. யாஜ்னிக் குழுவினர் புனேயை அடுத்த சிற்றூர்களில் பிறந்த குழந்தைகளையும் இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். அங்கே சராசரி எடை 3.5 கிலோ, இங்கே 2.7 கிலோ. நம் குழந்தையிடம் தசையும் உள்ளுறுப்புகளும் குறைந்திருந்தன. தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. தாய் பட்டினி கிடந்தால் கருவிலுள்ள சிசு கிடைத்ததைச் சேமிக்கக் கற்றுக்கொள்கிறது. பின்னாளில் உணவு தாராளமாய்க் கிடைக்கும்போது அந்தச் சேமிப்புப் பழக்கமே எதிரியாகிறது. பெரியவர்களிடமும் இதைப் போன்ற ஒன்றைக் கண்டிருக்கிறார்கள். 1944–45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்கள் தாமே முன்வந்து அரைப்பட்டினி கிடந்தார்கள். ஆறு மாதத்தில் எடையில் கால் பங்கு போயிற்று. பிறகு நிறைய உண்ணவிட்டபோது கொழுப்பு விரைந்து திரும்பி, முன்னிருந்த அளவையும் மிஞ்சியது. தசை பின்தங்கியே வந்தது. அவர்கள் கிடந்தது ஆறு மாதப் பட்டினி. நம் பாட்டன் பூட்டன் கிடந்த பட்டினிக்கு ஆண்டுக்கணக்கு யாரிடம் இருக்கிறது?

நம் பாட்டி பாகூர்ப் பக்கத்தில் நடவுக்குப் போனவர். காலையில் கேழ்வரகுக் கூழ். மாலையில் கூலியாய் வந்த நெல்லைக் குத்தினால்தான் உலை. அத்துடன் வரப்பில் பறித்த கீரை, வயல் நண்டு, நத்தை, ஏரி வடியும்போது அள்ளிய கெண்டை, மலிவாய்க் கிடைத்த மாட்டிறைச்சி. அளவு போதாது, ஆனால் அந்தச் சிறிய அளவுக்குள் தசைக்கு வேண்டிய புரதம் இருந்தது. ஊரார் இவற்றையெல்லாம் இழிந்த உணவு என்றார்கள். படித்து நகரத்துக்கு வந்த நாம் அந்த ஏச்சுக்கு அஞ்சி ஒவ்வொன்றாய்க் கைவிட்டோம். பள்ளியில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்க வெட்கப்பட்டு மூடியால் மறைத்து உண்ட நாள் நமக்கு நினைவிருக்கிறது. கேட்டுக்கொண்டிருப்போர் பலருக்கும் நினைவிருக்கும். கைவிட்ட இடத்தில் வந்து அமர்ந்தது என்ன? வெள்ளை அரிசிச் சோறு, அதன் மேல் குழம்பு, மாலையில் டீயும் பஜ்ஜியும், ஞாயிற்றுக்கிழமை பிரியாணி.

சோற்றைக் குறைத்துப் பேசுவதாக எண்ண வேண்டா. நெல்லை விளைவித்தவர் வீட்டில் நெல்லுச்சோறு திருநாளில் மட்டும் பொங்கிய காலம் ஒன்று இருந்தது. மூன்று வேளையும் சோறு என்பது நம்மவர் போராடிப் பெற்ற மதிப்பு. ஆகவே மருத்துவமனையில் ஒரு சீட்டை நீட்டி "சோற்றைக் குறை" என்று சொன்னால், நம் தாய்மார் காதில் அது "மறுபடியும் பட்டினி கிட" என்றே விழுகிறது. உணவுத் திட்டம் வகுப்போர் இதை உணர்வதில்லை. அதனால்தான் சீட்டு கைப்பையிலேயே மடிந்து கிடக்கிறது.

அரசின் உணவுத் திட்டங்களும் தானியத்தையே மையமாகக் கொண்டு வளர்ந்தவை. பிரெஞ்சு ஆட்சியிலேயே, 1930இல், புதுச்சேரிப் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியது; அதனால் படித்தவர்கள் நாம். பசி தீர்க்க அரிசி வேண்டும் என்பதில் இரு கருத்தில்லை. நம் நியாயவிலைக் கடைகள் சில ஆண்டுகள் மூடிக் கிடந்து, அரிசிக்குப் பதில் பணம் வங்கிக் கணக்கில் வந்த காலமும் போய், 2024 தீபாவளியையொட்டி மீண்டும் அரிசி வந்தது, வரவேற்றோம். எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் 2007 முதல் சிறப்பு விநியோகத்தில் துவரம்பருப்பும் சேர்த்துத் தருகிறார்கள். நம் இளைஞர்கள் மனு எழுதும்போது பருப்பையும் கேட்டு ஒரு வரி சேர்த்து எழுதலாம்.

இனி, மிகை எடையுள்ள பெரியவர்களுக்கென்றே வகுத்த திட்டங்கள் என்ன செய்தன என்று பார்ப்போம். அமெரிக்காவில் நீரிழிவின் வாசலில் நின்ற மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் ஒரு பெருந்திட்டம் நடத்தி 2002இல் முடிவை வெளியிட்டார்கள். எடையில் 7 விழுக்காட்டைக் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது என்பவை குறிக்கோள். நோய் வருவது 58 விழுக்காடு குறைந்தது. உடனே எல்லாரும் "எடையைக் குறை" என்றார்கள்.

சென்னையில் மருத்துவர் இராமச்சந்திரன் குழுவினர் 531 பேரிடம் இதே கேள்வியை எழுப்பினார்கள். பெரும்பாலும் அலுவல் பார்க்கும் நடுத்தர வயதினர். சராசரிக் குறியீட்டெண் ஏறத்தாழ 26. மாவு, சர்க்கரை, எண்ணெய் ஆகியவற்றைக் குறைக்கவும் நாள்தோறும் அரைமணி நேரம் நடக்கவும் அறிவுரை தந்து, மாதந்தோறும் தொலைபேசியில் நினைவூட்டினார்கள். மூன்று ஆண்டு கழித்து, 2006இல் முடிவு வந்தது. அறிவுரை பெறாதோரில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்கு ஆளானார்கள். உணவையும் நடையையும் மாற்றியவரில் 39 பேர். இதில் வியப்பு யாதெனின், அவர்களுடைய எடை ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது. தராசை மட்டும் நம்பியிருந்தால் "திட்டம் தோற்றது" என்று எழுதி மூடியிருப்பார்கள். பின்னர் ஆராய்ந்தபோது இன்சுலின் செயல்படும் திறம் அவர்களிடம் மேம்பட்டிருந்தது தெரிந்தது. தராசுக்குத் தெரியாத ஏதோ ஒன்று உடலுக்குள் மாறியிருக்கிறது.

சென்னையிலேயே மருத்துவர் மோகன் முதலானோர் நடத்திய இன்னொரு திட்டம் 2016இல் வெளிவந்தது. மிகை எடையுள்ள 578 பேர். 16 வாரம் வாரம் ஒரு வகுப்பு. பிறகு 8 வாரம் பழக்கம் விட்டுப்போகாதிருக்க மீள்வகுப்பு. ஆசிரியராகிய நமக்கு இம்முறை மிகவும் பிடித்திருந்தது. ஒருவரைத் தனியே உட்கார வைத்துக் கண்டிப்பதை விட்டு, பத்துப் பேரைச் சேர்த்து உட்காரவைத்துக் கற்பித்தார்கள். தேவைப்பட்டோருக்கு இடையில் மாத்திரையும் சேர்த்தார்கள். பெரும்பாலோருக்குத் தேவைப்பட்டது என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். நோய் வருவது மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது.

நம் ஊரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஜிப்மர் மருத்துவர்கள் குருசுக்குப்பத்தில் இரத்த அழுத்தம் சற்றே உயர்ந்த இளைஞர்களை நான்கு குழுவாக்கி, எட்டு வாரம் ஒரு குழுவை நடக்கவிட்டு, ஒரு குழுவுக்கு உப்பைக் குறைத்து, ஒரு குழுவுக்கு யோகம் பயிற்றி, ஒரு குழுவை அப்படியே விட்டுப் பார்த்தார்கள்; 2009இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்றும் பயன் தந்தன. நடை முதலிடம் பெற்றது. இது அழுத்தத்தைப் பற்றியது, கொழுப்பைப் பற்றியதன்று. எனினும் பரதவர் வாழும் கடற்கரைத் தெருவிலும் இத்தகைய திட்டம் நடக்கும் என்பதற்கு இது சான்று.

எங்கள் இல்லத்துக் கதைக்கு வருகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முகாமில் நாங்கள் கணவனும் மனைவியும் எடை பார்த்துக்கொண்டோம். நமக்கு 68 கிலோ, உயரம் 1.65 மீட்டர், குறியீட்டெண் 25. கல்லூரியில் கைப்பந்து ஆடியவர் என்ற செருக்கில் "இது பரவாயில்லை" என்றோம். அங்கிருந்த செவிலியர் பேசாமல் அளவுநாடாவை எடுத்து இடுப்பைச் சுற்றினார்: 97 சென்டிமீட்டர். ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 என்பது நமக்கு விதித்த எல்லை. துணைவியாரும் எல்லையைக் கடந்தே இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் எவரையும் கேளாமல் பட்டினியில் இறங்கினோம். இரவில் ஒரு குவளைக் கஞ்சி. பகலில் கைப்பிடிச் சோறும் இரசமும். மூன்று மாதத்தில் 6 கிலோ குறைந்தது. ஆசிரியர் அறையில் பாராட்டு. ஆனால் மாடி வகுப்புக்கு ஏறினால் கால் நடுங்கியது. தொடை சுருங்கிப் பேண்ட் தொங்கியது. வயிறோ தன் இடத்தை விட்டுப் பெயர மனமில்லாமல் இருந்தது. உணவை மட்டும் குறைத்து இழக்கும் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு கொழுப்பல்லாத உடற்பொருள் என்பதைப் பிறகுதான் படித்தோம். புரதமும் குறைந்து, உடலுக்கு வேலையும் இல்லாவிட்டால் பங்கு இன்னும் கூடும். ஓராண்டில் 6 கிலோவும் திரும்பி வந்தது, ஒரு கிலோ வட்டியுடன். போனது தசையும் கொழுப்பும். வந்தது பெரும்பாலும் கொழுப்பு. இடை 99 ஆயிற்று!

அதன் பின் ஓர் அரசு மருத்துவமனையின் உணவியல் வல்லுநரிடம் போனோம். நம் பிள்ளை வயதுப் பெண். அவர் முதலில் சோற்றைப் பற்றிப் பேசவே இல்லை. "ஐயா, தட்டில் புரதம் எங்கே?" என்று கேட்டார். கணக்குப் போட்டோம். நாளைக்கு 400 கிராம் அரிசி உண்டால் அதிலேயே 1400 கலோரி. புரதம் 30 கிராம். அறுபத்தைந்து கிலோ எடையுள்ள ஆணுக்கு 54 கிராமும் ஐம்பத்தைந்து கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 46 கிராமும் வேண்டும் என்பது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வரையறை. எடை குறைக்கும் காலத்தில் அதற்குச் சற்று மேலாகவே வேண்டுமாம். ஒரு முட்டை 6 கிராம் தரும்; ஐம்பது கிராம் கொண்டைக்கடலை அவித்த சுண்டல் 9 கிராம்; நூறு கிராம் நெத்திலியோ மத்தியோ 18 கிராம் அளவில். எல்லாம் நம் பெரிய மார்க்கெட்டில் கிடைப்பவை. புட்டியில் அடைத்து விற்கும் மாவு தேவையில்லை. மாட்டிறைச்சி உண்போர் கொழுப்பை நீக்கி உண்ணலாம் என்றும் அவர் இயல்பாகச் சொன்னார். அந்த இயல்பைக் கேட்டுத் துணைவியாரின் கண் கலங்கியது. நாற்பது ஆண்டாக மறைத்து உண்ட ஒன்றை, வெள்ளைச் சட்டை அணிந்த ஒருவர் பெயர் சொல்லிப் பேசியது அவருக்கு அதுவே முதல் தடவை.

புரதமும் காயும் முதலில், சோறு பிறகு என்ற வரிசையில் உண்டால் சோறு தானே குறைந்தது; பசிக்கவில்லை. உடலுக்கு வேலையாக நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து அமர்வது, தண்ணீர் நிறைந்த குடத்தைத் தூக்கி இறக்குவது, மாலையில் நடை. ஓராண்டு கழித்துத் தராசு 3 கிலோதான் குறைவாகக் காட்டியது. முன்பு 6 கிலோவுக்குப் பாராட்டியவர்கள் இப்போது ஒன்றும் சொல்லவில்லை. இடை 99லிருந்து 91க்கு வந்திருந்தது. மாடிப்படியில் கால் நடுங்கவில்லை.

மாலை நடை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நம் கடற்கரைச் சாலையில் மாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு நடப்போருக்கே விடுகிறார்கள். அங்கே நடப்போர் முகங்களைப் பார்த்தால் நம் குடியிருப்பு முகம் அரிது. நாள் முழுதும் குனிந்து பெருக்கியவரை மேலும் நட என்று சொல்ல நமக்கு நா எழாது. அவருக்குத் தேவை உறக்கமும் பருப்பும். நாம் சொல்வது மேசைக்கு முன் அமர்ந்துவிட்ட நம்மைப் போன்றோருக்கு. மதுவைப் பற்றியும் ஒரு சொல். ஒரு கிராம் சாராயச் சத்து 7 கலோரி தரும்; தசைக்கு ஒன்றும் தராது. நம் ஊரில் கடைக்குக் குறைவில்லை. இதற்கு மேல் சொன்னால் முன்வரிசையில் சிலர் எழுந்து போய்விடுவார்கள்.

எச்சரிக்கையாக இரண்டு கூற வேண்டும். நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர் மருத்துவரைக் கேளாமல் சோற்றைத் திடீரெனக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழக்கூடும். சிறுநீரகம் பழுதானவர் புரதத்தைக் கூட்டுவது கெடுதல். அவர்கள் மருத்துவர் சொன்ன அளவில் நிற்க வேண்டும். இன்னொன்று: கடைத்தெருவில் ஏறி நின்றால் கொழுப்பின் விழுக்காட்டைக் காட்டும் இயந்திரங்கள் வந்திருக்கின்றன. அவை உடலில் மின்னோட்டம் செலுத்தி நீரைக் கொண்டு கணிப்பவை. தண்ணீர் குடித்தால் ஓர் எண், வியர்த்தால் ஓர் எண். அந்தச் சீட்டைக் காட்டி ஊட்டச்சத்து மாவு விற்க வருவோரிடம் ஏமாற வேண்டா.

பத்து ரூபாய், இருபது ரூபாய்க்குத் தையல்கடை அளவுநாடா கிடைக்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின், வயிற்றை உள்ளிழுக்காமல் அளக்க வேண்டும். உள்ளிழுத்து ஏமாற்றியவர்களில் நாமும் ஒருவர். ஒரு நாடாவும் ஒரு தராசும் ஒரு குறிப்பேடும் வாங்கிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறோம். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் மாலை வகுப்பு அறை திறந்திருக்கும். பெண்களுக்குப் பெண்களே அளப்பார்கள். எண்ணை எவரும் உரக்கப் படிக்க மாட்டார்கள். பத்தாம் வகுப்பு முடித்த நம் மாணவியர் இருவர் குறிப்பேட்டை எழுத ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எடைக்கு ஒரு கட்டம், இடைக்கு ஒரு கட்டம், நாற்காலியிலிருந்து அரை நிமிடத்தில் எத்தனை முறை எழ முடிகிறது என்பதற்கு ஒரு கட்டம். முதல் பக்கத்தில் நம் பெயரை எழுதிவிட்டோம். அடுத்த வரி வெறுமையாக இருக்கிறது. அளந்து முடிந்ததும் சுண்டல் உண்டு.